புதுக் கணினியில் பழைய ஃப்ளைட் சிமுலேட்டர்

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தேசிய சேவை முடித்த காலத்தில் வாங்கிய, விமானம் ஓட்டும் கணினி விளையாட்டான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2004, அதற்குப் பின் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ், இரண்டு பெட்டிகளும் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. சிம் லிம் ஸ்குவேரில் சொல்லிக் கட்டிய புது விண்டோஸ் 11 கணினியும் வந்துவிட்டது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ராம், அகலமான மானிட்டர். ஆனால் 2004 திறக்கவே மறுக்கிறது. எக்ஸ் திறக்கிறது, திக்கித் திக்கி ஓடுகிறது, தரை மங்கலாகத் தெரிகிறது. சென்னையிலிருந்து நான்கு மணி நேரம் பறந்து சாங்கியில் இறங்கப்போகும் நேரம் பார்த்து நினைவகம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி மூடிக்கொள்கிறது. காக்பிட்டில் இருக்கும் வட்டக் கருவிகள் எல்லாம் முட்டை வடிவத்தில் தெரிகின்றன. "இவ்வளவு பவர் இருந்தும் ஏன் இப்படி? பேசாமல் புதுசையே வாங்கிவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

புதுசு வாங்குவது உங்கள் விருப்பம். 2020-இலும் 2024-இலும் வந்தவை செயற்கைக்கோள் படங்களை இணையத்திலிருந்து இழுத்து இழுத்து உலகத்தைக் காட்டுபவை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கையில் இருக்கும் பழையவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றுக்குள் இருக்கும் சில விமானங்களும் சில விமான நிலையங்களும் நம் ஊரோடு நேரடியாகத் தொடர்புள்ளவை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஓட வைப்போம். இதற்கு எனக்குத் தெரிந்து ஒரே விதிதான்: புதுக் கணினியை, விளையாட்டு பிறந்த காலத்து அளவுக்கு அடக்கி வைக்க வேண்டும். உங்கள் எல்லாக் கோளாறுகளும் அடக்காமல் விட்டதால் வருபவை.

2004 திறக்காததற்குக் கணினியின் வலிமையோடு சம்பந்தமே இல்லை. அது 2003 ஜூலையில் நான்கு சிடிகளில் வந்தது. அந்த சிடிகளில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்க விண்டோஸுக்குள் டிரைவர் என்ற ஒரு சிறு நிரல் வேண்டும். அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது தெரியவந்ததால், 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்காமலே வந்தது. அதே ஆண்டு விண்டோஸ் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் ஓர் அப்டேட் மூலம் முடக்கினார்கள். ஆக, உங்கள் சிடி நல்ல சிடிதான், சாவியைத்தான் மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. சிடி தேவையில்லாத ".எக்ஸி" கோப்பு என்று கண்ட கண்ட தளங்களில் கிடைப்பதை இறக்கிப் போடாதீர்கள். வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் முகம் தெரியாதவர் கொடுத்த கோப்பை ஓட விடக்கூடாது.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. சேஃப்டிஸ்க் ஷிம் என்று ஒரு திறந்தமூலக் கருவி இருக்கிறது. அந்தப் பழைய டிரைவர் செய்த வேலையை, ஓட்டை இல்லாமல் செய்து கொடுப்பதற்காக எழுதப்பட்டது. அசல் சிடி டிரைவில் இருக்க வேண்டும் என்பதால் யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகம் இல்லை. முதலில் இதை முயன்று பாருங்கள். ஒத்து வரவில்லை என்றால் இரண்டாவது வழி, எனக்கு மிகவும் பிடித்த வழி: கரோசெலில் யாராவது விற்கும் பழைய கோர் 2 டுவோ கணினி. விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, இணைய இணைப்பே கொடுக்காமல், இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். 2004 அந்த மாதிரிக் கணினியில் வழவழவென்று ஓடும், பூட்டு, திரை என்று ஒரு தொல்லையும் இருக்காது. வீவக வீட்டில் இடம் எங்கே என்று அண்ணி கேட்டால், மேசைக்குக் கீழே அடங்கும் சின்னப் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

எக்ஸுக்கு வருவோம். அது 2006 அக்டோபரில் வந்தது. அதை உருவாக்கிய ஏசஸ் ஸ்டுடியோவை 2009 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. பிறகு டவ்டெய்ல் கேம்ஸ் உரிமம் வாங்கி 2014 டிசம்பரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் மறுபடி வெளியிட்டது. ஸ்டீம் பதிப்பு உங்கள் கணக்கில் இருந்தால் பெட்டியை மறந்துவிட்டு அதையே போடுங்கள். சர்வீஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்புகள் இரண்டும், ஆக்செலரேஷன் என்ற கூடுதல் தொகுப்பும் அதிலேயே அடக்கம். பெட்டியிலிருந்துதான் போடப்போகிறீர்கள் என்றால் சர்வீஸ் பேக் 1, அப்புறம் சர்வீஸ் பேக் 2, இந்த வரிசையில் கட்டாயம் போட வேண்டும். ஆக்செலரேஷன் டிஸ்க் வைத்திருந்தால் அதற்குள்ளேயே இரண்டும் இருக்கின்றன, தனியாகப் போடக்கூடாது. சர்வீஸ் பேக் இல்லாத எக்ஸ், கணினிச் சில்லுக்குள் கணக்குப் போடும் பகுதிகளான கோர்களில் ஒன்றே ஒன்றைத்தான் பயன்படுத்தும். உங்கள் கணினியில் எக்ஸ் திக்குவதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

எதைப் போட்டாலும் "புரோகிராம் ஃபைல்ஸ்" ஃபோல்டருக்குள் போடாதீர்கள். அந்த ஃபோல்டரை விண்டோஸ் காவல் காக்கிறது. பழைய விளையாட்டு தன் கோப்புகளைத் தானே திருத்தப் பார்க்கும், விண்டோஸ் விடாது, விமானம் சேர்த்தால் தெரியாது, அமைப்பு மாற்றினால் நிற்காது. சி டிரைவில் நேராக ஒரு ஃபோல்டர் திறந்து அதில் போடுங்கள்.

அடுத்தது அமைப்புக் கோப்பு, அதாவது சிஎஃப்ஜி கோப்பு. இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. இந்த விளையாட்டை வேகமாக்கும் "ட்வீக்" என்ற பெயரில் ஊரெல்லாம் சுற்றும் வரிகளில் பெரும்பாலானவை 2007-ஐ ஒட்டிய கார்டுகளுக்காக எழுதப்பட்டவை. 512 எம்பி நினைவகம் உள்ள கார்டுக்குச் சொன்ன மருந்தை இன்றைய கார்டுக்குக் கொடுத்தால் நோய்தான் கூடும். நீங்களும் ஏதோ ஒட்டியிருக்கிறீர்கள் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள், பயப்பட வேண்டாம். அடுத்த முறை திறக்கும்போது விளையாட்டு புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். அந்தச் சுத்தமான கோப்பிலிருந்து தொடங்குங்கள். அதில் நான் மாற்றச் சொல்வது மூன்றே வரிகள். "ஹை மெம் ஃபிக்ஸ்" என்பதைச் சேர்த்தெழுதி 1 என்று கொடுங்கள். உருவங்கள் கறுப்பாக மாறுவதையும் காணாமல் போவதையும் இது தடுக்கும். ஸ்டீம் பதிப்பில் அந்தத் திருத்தம் ஏற்கனவே உள்ளே இருப்பதால் அங்கே தேவையில்லை. மற்ற இரண்டு வரிகள் கோர்களையும் அகலத் திரையையும் பற்றியவை, அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

இப்போது சாங்கியில் இறங்கும்போது மூடிக்கொள்ளும் கதை. பலரும் இதில்தான் மனம் வெறுத்து விட்டுவிடுகிறார்கள், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ் ஒரு 32 பிட் நிரல். 32 பிட் முகவரியை வைத்துக்கொண்டு 4 ஜிபிக்கு மேல் எண்ண முடியாது. சாதாரணமாக விண்டோஸ் அதிலும் பாதியை, 2 ஜிபியை மட்டும்தான் நிரலுக்குக் கொடுக்கும். சர்வீஸ் பேக் 2 போட்ட எக்ஸ், 64 பிட் விண்டோஸில், முழு 4 ஜிபியையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் ஆயுள் எல்லை. நீங்கள் 32 ஜிபி ராம் போட்டாலும் 128 போட்டாலும் அது கண்ணால் பார்க்கப்போவது 4 தான். பத்து அறை வீடு கட்டிவிட்டு ஓர் அறைச் சாவியை மட்டும் விருந்தாளியிடம் கொடுத்த மாதிரி.

அந்த 4 ஜிபிக்குள் விமானம், காக்பிட், தரை, மேகம், சுற்றியுள்ள விமானங்கள் எல்லாம் அடங்க வேண்டும். பறக்கப் பறக்க எக்ஸ் புதிது புதிதாக ஏற்றிக்கொண்டே போகும். கடந்து வந்ததையெல்லாம் ஒழுங்காக இறக்கி வைக்காது. சென்னையில் கிளம்பும்போது ஏற்றியதில் கொஞ்சம், அந்தமான் பக்கத்தில் ஏற்றியதில் கொஞ்சம் என்று ஒட்டிக்கொண்டே வரும். கடைசியில் சாங்கி வரும். பெரிய விமான நிலையம், பக்கத்தில் ஒரு நகரம், நீரிணையில் கப்பல்கள், தரையில் வரிசையாக விமானங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்த சாங்கி காட்சித் தொகுப்பு இருந்தால் அதன் கனமும் சேரும். எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வர, 4 ஜிபி நிரம்பி, விளையாட்டு மூடிக்கொள்ளும். நான்கு மணி நேரம் கழித்து, அதுவும் சரியாக இறங்கும்போது நடப்பது இதனால்தான். உங்கள் ராமில் குறையில்லை.

தீர்வும் இதிலிருந்தே கிடைக்கும். காட்சி தூரத்தை நிர்ணயிக்கும் "எல்ஓடி ரேடியஸ்" என்ற எண்ணை 4.5-க்கு மேல் ஏற்றாதீர்கள். 6.5 ஆக்கினால் தூரத்து மலை அழகாகத் தெரியும் என்று சொல்வார்கள், தெரியும்தான், ஆனால் சாங்கிக்கு வந்து சேர மாட்டீர்கள். கட்டடங்களையும் மரங்களையும் நட்டு வைக்கும் ஆட்டோஜென்னை நடுவில் நிறுத்துங்கள். விமானத்தின் மேல்பூச்சுக்கு 4096 அளவுப் படங்கள் கொடுக்கும் தொகுப்பு என்றால் 1024 அல்லது 2048 அளவுக்கு இறக்குங்கள். நீண்ட பயணம் என்றால் நடுவழியில் ஒரு முறை பயணத்தைச் சேமித்து, விளையாட்டை மூடித் திறந்து, அந்த இடத்திலிருந்து தொடருங்கள். உள்ளே ஒட்டியிருந்ததெல்லாம் கழுவிப் போய்விடும். பினாங்கைத் தாண்டியதும் இதைச் செய்தால் சாங்கியில் நிம்மதியாக இறங்கலாம்.

2004-க்கு இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. வெறும் மூல விளையாட்டுக்கு 2 ஜிபியே தாராளம்.

கோர்கள் விஷயம். எக்ஸின் முக்கிய வேலை, அதாவது பறத்தல் கணக்கு, காக்பிட் கருவிகள், வரைய வேண்டியதைத் தயார்செய்தல் எல்லாம் ஒரே கோரில் நடக்கும். மற்ற கோர்கள் தரைப்படங்களை ஏற்றித் தரும். அதனால்தான் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, ஒரு கோர் மட்டும் நூறு சதவீதத்தில் திணறும். எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் இதற்கு முக்கியம். இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து ஒரே சில்லில் வேகக் கோர், சிக்கனக் கோர் என்று இரண்டு வகை வைத்தார்கள். 2006-இல் எழுதிய நிரலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வேலை சிக்கனக் கோரில் போய் விழுந்தால் வண்டி இழுக்கும்.

உங்களுடையது ஆறு வேகக் கோர் உள்ள 13-ஆம் தலைமுறை ஐ5 என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு வேகக் கோரும் விண்டோஸுக்கு இரண்டு கோராகத் தெரியும், முதல் பன்னிரண்டு இடங்கள் அவற்றுடையவை, சிக்கனக் கோர்கள் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். சிஎஃப்ஜி கோப்பில் "ஜாப் ஷெட்யூலர்" என்ற பகுதியைச் சேர்த்து, அதன் கீழ் "அஃபினிட்டி மாஸ்க்" என்பதற்கு 1365 என்று கொடுங்கள். ஒன்று விட்டு ஒன்றாக 1, 4, 16, 64, 256, 1024 என்ற இடமதிப்புகளைக் கூட்டினால் வருவது இந்த எண். ஒரு வேகக் கோருக்கு ஒரு வேலை என்று எக்ஸ் உட்கார்ந்துகொள்ளும், சிக்கனக் கோர் பக்கம் போகவே போகாது. வேறு சில்லு வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம், தங்கள் கோர் கணக்குப்படி கூட்டிக்கொள்ளட்டும்.

தரை மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் நீங்கள் ஃபிரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படம் வரைவது என்பதை, "அன்லிமிடெட்" என்று விட்டது. எக்ஸ் தன் நேரத்தை இரண்டாகப் பங்கு போடுகிறது: திரையில் வரைவது, தரைப்படத்தை ஏற்றுவது. வரைவதற்கு எல்லையே இல்லை என்று சொல்லிவிட்டால் அது வரைந்துகொண்டே இருக்கும், ஏற்றும் வேலை பின்தங்கும், கீழே சாயம் கலைந்த மாதிரி தரை தெரியும். 30 என்று பூட்டுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு 30-இல் ஓட்டுவதா என்று மனசு கேட்கும். துப்பாக்கிச் சுடும் விளையாட்டுக்கு அந்த வேகம் வேண்டும். விமானத்துக்கு, நொடிக்கு 30 படங்கள் ஒரே சீராக வந்தால், 90-க்கும் 25-க்கும் நடுவே குதிப்பதைவிட எவ்வளவோ மேல். இறங்கும்போது மூக்கை மெல்லத் தூக்கும் அந்தச் சில நொடிகளில் சீர்மைதான் கைக்குப் பிடிபடும்.

2004-இலும் பூட்டுங்கள், அங்கே காரணம் வேறு. பூட்டாமல் விட்டால் இன்றைய கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளும். ஒரு பயனும் இல்லாமல் விசிறி இரைந்து, அறை சூடாகி, நம் ஊர் வெக்கையில் ஏர்கான் போட வேண்டி வரும்.

காட்சி அமைப்புத் திரையில் கூட்டிக் குறைக்கும் சறுக்குப் பட்டைகளில் எதைக் குறைப்பது என்று கேட்டால் என் வரிசை இது: முதலில் சாலை வாகனங்கள், அது பத்து சதவீதத்தைத் தாண்டினாலே எக்ஸ் மூச்சு வாங்கும். அடுத்து புளூம் என்ற ஒளிப்பூச்சு, முழுதாக அணைத்துவிடுங்கள். அப்புறம் தரை நிழல்கள். கப்பல்களை மட்டும் ஓரளவு விட்டுவையுங்கள். கப்பல் இல்லாத சிங்கப்பூர் நீரிணையைப் பார்க்க மனசு ஒப்பவில்லை.

முட்டை வடிவக் கருவிகளுக்கு வருகிறேன். 2004-இன் முகப்புப் பலகைகள் 4:3 திரைக்காக வரைந்த தட்டைப் படங்கள். அகலத் திரையில் அவற்றை இழுத்து நிரப்பினால் உயரமானி, வேகமானி எல்லாம் பக்கவாட்டில் உப்பும். அதை அப்படியே விட்டுப் பறக்கக்கூடாது, ஊசி நிற்கும் கோணத்தை வைத்துத்தான் நாம் படிக்கிறோம், வட்டம் கோணினால் கோணமும் கோணும். கிராஃபிக்ஸ் கார்டு அமைப்பில் "விகிதத்தைக் காப்பாற்று" என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டு விளையாட்டை 1600 x 1200-இல் ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வட்டம் வட்டமாக இருக்கும். பழைய டைரக்ட்எக்ஸ் கட்டளைகளைப் புதிய டைரக்ட்எக்ஸ் 11-க்கு மாற்றித் தரும் டிஜிவூடூ என்ற இலவசக் கருவியிலும் இதே தேர்வு உண்டு. மெனு மின்னி மின்னி மறைவது போன்ற கோளாறு இருந்தாலும் அதை முயன்று பாருங்கள். அகலத் திரை முழுதும் வேண்டும் என்றால் தட்டைப் பலகையை விட்டுவிட்டு முப்பரிமாணக் காக்பிட்டில் பறந்து ஸூமை 0.6 அளவுக்கு இறக்குங்கள். எக்ஸில் இதற்காகவே "வைட் வியூ ஆஸ்பெக்ட்" என்று ஒரு வரி சிஎஃப்ஜி கோப்பில் இருக்கிறது. நான் சொன்ன மூன்றாவது வரி இதுதான், "ட்ரூ" என்று மாற்றுங்கள்.

ஜாய்ஸ்டிக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 15 ஊசி உள்ள பழைய கேம்போர்ட் ஜாய்ஸ்டிக் இனி உதவாது, எந்த யூஎஸ்பி ஜாய்ஸ்டிக்கும் உதவும். பறக்கும்போது நடுவில் அது செத்துப்போனால் டிவைஸ் மேனேஜருக்குள் போய், யூஎஸ்பி ஹப் ஒவ்வொன்றிலும் "மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். விளையாட்டுக்குள் சென்சிடிவிட்டியை முழுதாக ஏற்றி, நல் ஸோனை (குச்சி அசைந்தாலும் விளையாட்டு கண்டுகொள்ளாத நடுப்பகுதி) கீழே இறக்குங்கள்.

சரி, ஓட வைத்தாயிற்று. இனி என்ன பறப்பது? உங்கள் கேள்வியில் சென்னை–சிங்கப்பூர் மட்டும்தான் இருந்தது. அதைப் பறங்கள், ஆனால் இன்றைய சாங்கி வரைபடத்தை வைத்துக்கொண்டு இறங்கப் பார்க்காதீர்கள். 2004-இன் சாங்கி 2003-உடன் நின்றுபோன சாங்கி. மூன்றாம் முனையம் திறந்தது 2008-இல், நான்காவது 2017-இல், இரண்டும் அதற்குள் இருக்க வழியில்லை. இன்று 02 சென்டர் என்று அழைக்கும் ஓடுபாதை அன்று 02 ரைட் (02, 20 என்பவை ஓடுபாதையின் இரு முனைகளுக்கான திசை எண்கள்). அந்தக் காலத்து வரைபடம்தான் அந்தக் காலத்து ரேடியோ வழிகாட்டிகளோடு ஒத்துப் போகும். விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் வரைபடத்தைப் பார்த்து அலைவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்.

வானிலையை நீங்களே கையால் அமையுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, அப்போது 02 பக்கம், கடல் மேலாகத் தெற்கிலிருந்து வந்து இறங்க வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மாலையில் நடந்தால், கப்பல்களுக்கு மேலே விளக்குப் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வருமே, அதே பாதை. தென்மேற்குப் பருவத்தில் எதிர்ப்பக்கம், 20. இன்னும் சவால் வேண்டும் என்றால் ஒரு சுமத்ரா காற்றை வரவழையுங்கள்: விடியலுக்கு முந்தைய நேரம், மேற்கிலிருந்து பலத்த காற்று, இடிமேகம், கனமழை. ஓடுபாதை வடக்குத் தெற்காக இருப்பதால் காற்று நேராக விலாவில் அடிக்கும். அதில் போயிங் 747-400-ஐ இறக்குங்கள். எஸ்ஐஏ, அதாவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மெகாடாப் என்று பெயர் வைத்துப் பறந்த அந்த விமானம் 2012 ஏப்ரலில் கடைசிப் பயணிகள் சேவையை முடித்துக்கொண்டது. 2004-க்குள் அது இன்னும் நடப்பு விமானம்.

ஆனால் 2004-இன் உண்மையான புதையல் வேறு இடத்தில் இருக்கிறது. ரைட் சகோதரர்கள் பறந்து நூறாண்டு ஆனதைக் கொண்டாட வந்த பதிப்பு அது. அதனால் ஒன்பது வரலாற்று விமானங்களை உள்ளே வைத்தார்கள். அதில் ஒன்று விக்கர்ஸ் விமி. 1919-இல் ஆஸ்திரேலிய அரசு, இங்கிலாந்திலிருந்து 30 நாளுக்குள் ஆஸ்திரேலியா பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுண்டு பரிசு அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்களும், பென்னெட், ஷியர்ஸ் என்ற இரண்டு மெக்கானிக்குகளும் ஒரு விமியில் நவம்பர் 12 அன்று லண்டன் பக்கத்து ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பினார்கள். டிசம்பர் 4 அன்று சிங்கப்பூரில் இறங்கினார்கள். எங்கே தெரியுமா? ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில். தேக்காவில் நாம் மீன் தலைக் கறி சாப்பிடப் போகும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே அந்தத் திடலால்தான். பந்தயம் புக்கிட் தீமாவுக்கு 1933-இல்தான் போனது.

அந்தத் திடல் விமிக்குச் சின்னது. விமிக்குப் பிரேக் கிடையாது, வாலின் அடியில் இருக்கும் சறுக்குக் கட்டை தரையில் உராய்ந்துதான் வேகம் குறையும். சக்கரம் தரையைத் தொட்ட உடனே வால் கீழே இறங்கினால்தான் திடலுக்குள் நிற்கும். ஆகவே பென்னெட் இறங்கும் சமயத்தில் தன் இருக்கையை விட்டு வெளியே வந்து, விமானத்தின் முதுகில் சறுக்கிக்கொண்டே வால் வரை போனார். அவர் எடையில் வால் அமுங்கி, கட்டை தரையைப் பிடித்து, விமானம் நின்றது. டிசம்பர் 10 அன்று டார்வின் போய்ச் சேர்ந்து பரிசையும் வாங்கினார்கள்.

இதை நீங்கள் பறந்து பார்க்க வேண்டும். அவர்கள் தாய்லாந்தின் சோங்க்லாவிலிருந்து ஒரே மூச்சில் வந்தார்கள், நேர்கோட்டில் சுமார் 750 கிலோமீட்டர். விமியின் வேகத்தில் ஆறு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் இல்லை என்றால் மலாக்காவிலிருந்து கிளம்புங்கள், ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். ஜிபிஎஸ்ஸைத் திறக்காமல் ஜோகூர் கடற்கரையை ஒட்டியே வாருங்கள். கிளம்பும் முன் ஆட்டோஜென்னைப் பூச்சியம் ஆக்கிவிடுங்கள். விளையாட்டு நட்டு வைக்கும் பொதுவான கட்டடங்கள் எல்லாம் மறைந்து, வெறும் தரை மிஞ்சும். அப்புறம் ஃபேரர் பார்க் இருக்க வேண்டிய இடத்தை, வடக்கு 1 பாகை 18.7 நிமிடம், கிழக்கு 103 பாகை 51 நிமிடம் பக்கத்தில், கடற்கரையையும் காலாங் ஆற்று வளைவையும் வைத்துக் கண்டுபிடித்து இறக்குங்கள். விளையாட்டின் பிரேக் பொத்தானைத் தொடாதீர்கள். எவ்வளவு தூரம் உருண்டு போகிறது என்று பாருங்கள், பென்னெட் ஏன் வாலுக்குப் போனார் என்பது உடம்பில் உறைக்கும். புது சிமுலேட்டரில் இந்த இடத்தில் அடுக்குமாடிகளும் எம்ஆர்டி நிலையமும் அச்சு அசலாக நிற்கின்றன. 1919-ஐ அங்கே இறக்க இடமில்லை.

இன்னொன்று டி ஹாவிலண்ட் கோமெட், இரண்டு என்ஜின், சிவப்பு நிறம், 1934 அக்டோபரில் இங்கிலாந்து–மெல்பர்ன் பந்தயத்தில் வென்ற விமானம். பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின், சார்லெவில் ஆகிய ஐந்து இடங்களில் கட்டாயம் இறங்க வேண்டும் என்பது விதி. சிங்கப்பூரில் இறங்கிய இடம் சிலேத்தார், அன்று பிரிட்டிஷ் விமானப்படைத் தளம். அலகாபாத்திலிருந்து சிலேத்தார் வரை ஒரே தாவலில் சுமார் 3,500 கிலோமீட்டர். அதை ஓட்டிய ஸ்காட்டும் கேம்ப்பெல் பிளாக்கும் மெல்பர்னைச் சுமார் 71 மணி நேரத்தில் தொட்டார்கள். விளையாட்டில் சிலேத்தார் இருக்கிறது, கோமெட்டும் இருக்கிறது. நீண்ட மூக்கு முன்னால் எல்லாவற்றையும் மறைக்கும் என்பதால், கடைசி வளைவை ஜோகூர் நீரிணை மேல் வைத்துக்கொண்டு, ஓடுபாதையைப் பக்கவாட்டுச் சன்னலில் பார்த்துக்கொண்டே வளைந்து வந்து, கடைசி நேரத்தில் நேராக்குங்கள். அதே பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது கேஎல்எம்மின் டிசி-2, பயணிகளையும் ஏற்றிக்கொண்டு வந்த விமானம். அதன் தம்பி டிசி-3 விளையாட்டில் இருப்பதால் இரண்டையும் ஒரே வழியில் ஓட்டி ஒப்பிடலாம்.

சிங்கப்பூரை விட்டு வெளியே ஒன்றே ஒன்று சொல்கிறேன். சிகாகோவின் மீக்ஸ் ஃபீல்ட், ஏரிக்கரையில் ஒற்றை ஓடுபாதை, பழைய பதிப்புகளில் விளையாட்டைத் திறந்தாலே நாம் நிற்கும் இடம். 2003 மார்ச் 30 இரவோடு இரவாக நகர மேயர் புல்டோசர் விட்டு அந்த ஓடுபாதையைக் கொத்திப் போட்டார். அதற்குச் சில மாதம் கழித்து வந்த 2004-தான் மீக்ஸ் இருக்கும் கடைசிப் பதிப்பு. எக்ஸில் கிடையாது. உங்கள் சிடிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

இந்த வாரம் எக்ஸை முதலில் எடுங்கள்: சர்வீஸ் பேக், புது சிஎஃப்ஜி, 30-இல் பூட்டு, 1365. அதன்பிறகும் சாங்கியில் மூடிக்கொண்டால், எந்த விமானம், எந்தக் காட்சித் தொகுப்பு என்று எழுதி, அந்த சிஎஃப்ஜி கோப்பையும் அப்படியே அனுப்புங்கள். எந்த வரி நினைவகத்தைத் தின்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.